மணிமேக்கரின் சீட்டு, ஃபர்ஹாவின் நாற்காலி: லாஸ் வேகாஸில் ஓர் இரவு!

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது. தாத்தாவால் வந்த சட்டம் அது. மன்னார்குடிப் பக்கம் மூன்று மா நிலத்தை அவர் சீட்டில் விட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கல்யாண வீட்டு மாடியில் சித்தப்பாக்கள் ரம்மி ஆட உட்கார்ந்தால்கூட அப்பா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் நான், போன மே மாதம் லாஸ் வேகாஸில் ஒரு போக்கர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே மாலை 7 மணி, ஊரில் மறுநாள் காலை ஏழரை. "எங்கம்மா இருக்கே?" என்று அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப். "மாமாவோட ஊர் சுத்திக்கிட்டு இருக்கேன்பா" என்று பதில் போட்டேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பாலைவனம் தாண்டி...

அக்காவும் மாமாவும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறார்கள். அங்கிருந்து வேகாஸுக்குக் காரில் சுமார் 270 மைல். மொஹாவி பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது நெடுஞ்சாலை. வழியில் பேக்கர் என்ற குட்டி ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது. பக்கத்து டெத் வேலியில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலின் நினைவாகத்தான் அந்த உயரமாம். 'நம்ம வேலூர் எவ்வளவோ தேவலை' என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா ஐ.டி. வேலையில் இருப்பவர். வருடத்துக்கு இரண்டு முறை வேகாஸ் போய், சின்ன போக்கர் டோர்னமென்ட் ஒன்றில் ஆடிவிட்டு வருவார். அதற்கு அக்காவின் அனுமதி உண்டு. கிரெடிட் கார்டு எடுத்துப்போக அனுமதி இல்லை! அதற்கு முந்தைய ஒரு வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டைக்கடலையைக் காசாக வைத்து எனக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"ஸ்ட்ரிப்ல எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நான் உன்னை முதல்ல பழைய வேகாஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கதான் ஒரு கதை இருக்கு" என்றார்.

ஏலத்தில் பிறந்த ஊர்

பழைய வேகாஸ் என்றால் ஃப்ரீமான்ட் தெரு. 1905 மே 15 அன்று ரயில்வே கம்பெனி இந்தப் பக்கம் மனைகளை ஏலம் விட்டதில் பிறந்த ஊர் இது. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931-ல். அதே ஆண்டில்தான் பக்கத்தில் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. கூலி வாங்கிய கைகளும், அதைக் காலி செய்ய மேசைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

இப்போது தெருவுக்கு மேலே பிரமாண்டமான வளைவுக் கூரை. 1995-ல் போட்டது. இருட்டியதும் கூரை முழுக்க ஒளிப்படக் காட்சிகள் ஓடுகின்றன. அதற்குக் கீழே கம்பியில் தொங்கியபடி மனிதர்கள் அலறிக்கொண்டு பறக்கிறார்கள். தரையில் பாட்டு, வித்தை, வேஷம். நம்மூர்த் தேர்த்திருவிழாக் கடைவீதியைத் தினமும் நடத்தினால் எப்படியிருக்கும், அப்படி! நடுவே 'வேகாஸ் விக்' என்ற நியான் கௌபாய் பொம்மை, 1951-லிருந்து நிற்கிறது. ஒரு காலத்தில் கையை அசைத்து ஆட்களை உள்ளே கூப்பிடுமாம். இப்போது அசைப்பதில்லை. கூப்பிடாமலே வருகிறார்கள்.

மாமா என்னை நிறுத்திய இடம் பின்யன்ஸ். பென்னி பின்யன் 1951-ல் தொடங்கிய ஹார்ஸ்ஷூ கேசினோ. 1970-ல் போக்கர் உலகத் தொடர் தொடங்கியது இங்கேதான். இன்று அந்தத் தொடர் இங்கே இல்லை. 2004-ல் வேறொரு பெரிய நிறுவனம் தொடரையும் 'ஹார்ஸ்ஷூ' என்ற பெயரையும் வாங்கியது. மறு ஆண்டு போட்டி ரியோ ஓட்டலுக்குப் போனது. 2022-லிருந்து ஸ்ட்ரிப்பில் நடக்கிறது. அங்கே ஒரு ஓட்டலுக்கு இப்போது ஹார்ஸ்ஷூ என்றே பெயர். பெயர் புதுவீட்டுக்குப் போய்விட்டது. பழைய வீடு பின்யன்ஸாக மிச்சமிருக்கிறது.

உள்ளே என் கண்ணில் பட்டதெல்லாம் ஸ்லாட் இயந்திரங்கள்தான். நான் திரும்பப் பார்த்தபோது மாமா மட்டும் கோயிலுக்குள் வந்தவர்போல மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.

"2003-ல இந்தக் கட்டடத்துலதான் அந்த ஹேண்ட் நடந்துச்சு" என்றார்.

இரண்டு பேர், 83,90,000 சிப்

2003 மே மாதம். முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 839 பேர் ஆடினார்கள். ஆளுக்கு 10,000 சிப். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் சாம் ஃபர்ஹா. லெபனானில் பிறந்தவர். பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டே ஆடும் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர். எதிரே கிறிஸ் மணிமேக்கர். 27 வயது, டென்னசி மாநிலத்துக் கணக்காளர். உண்மையான குடும்பப் பெயரே அதுதான், நம்புங்கள்! நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் ஆன்லைன் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து இந்த இடத்துக்கு வந்தவர். முதல் பரிசு 25 லட்சம் டாலர். இரண்டாம் பரிசு 13 லட்சம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடப் பாடம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். கட்டாமல் 'செக்' சொல்லலாம். எதிராளி கட்டியதற்கு ஈடுகொடுக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ அவருக்குப் பணம். ஆனால், மற்றவர் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலே ஜெயித்துவிடலாம். எல்லாச் சிக்கலும் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது.

அந்தக் கையில் மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜா, ஹார்ட் 7. ஃபர்ஹாவிடம் ஸ்பேட் ராணி, ஹார்ட் 9. மணிமேக்கர் 1,00,000-ஆக உயர்த்த, ஃபர்ஹா ஈடுகொடுத்தார். நடுவில் வந்தவை ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6. ஃபர்ஹாவுக்கு 9 ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கரிடம் ஒன்றும் இல்லை. இருவரும் செக்.

நான்காவது சீட்டு ஸ்பேட் 8. இன்னொரு ஸ்பேட் வந்தால் இருவருக்குமே ஃபிளஷ். அப்போது ராஜா வைத்திருப்பவர் ஜெயிப்பார். முதலில் பேச வேண்டியவர் ஃபர்ஹா. 3,00,000 கட்டினார். மணிமேக்கர் அதை 8,00,000 ஆக்கினார். ஃபர்ஹா ஈடுகொடுத்தார். நடுவில் சுமார் 18 லட்சம் சிப்.

ஐந்தாவது சீட்டு ஹார்ட் 3. யாருக்கும் உதவாத சீட்டு. இப்போதும் ஃபர்ஹாவின் 9 ஜோடிதான் முன்னால். மறுபடியும் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். செக் சொன்னார்.

மணிமேக்கர் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் வைத்தார். ஆல்-இன்!

ஃபர்ஹா சீட்டைப் பார்த்தார், எதிரே பார்த்தார், ஃபிளஷ் வராமல் போய்விட்டதோ என்ற பொருளில் பேச்சுக் கொடுத்தும் பார்த்தார். மணிமேக்கர் சிலைபோல் இருந்தார். கடைசியில் ஃபர்ஹா ஜெயிக்கிற சீட்டைக் கீழே போட்டார். அந்த வருடத்து ஒளிபரப்பில் மறைவுச் சீட்டைக் காட்டும் கேமரா இருந்ததால், டி.வி-யில் பார்த்த ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. தெரியாதவர் ஃபர்ஹா ஒருவர்தான்.

அந்த இரவு பட்டம் மணிமேக்கருக்கு. 'ஒரு கணக்காளரால் முடிந்தால் நம்மாலும் முடியும்' என்று கூட்டம் கிளம்பியது. 839 பேர் ஆடிய போட்டியில் அடுத்த ஆண்டு 2,576 பேர். 2006-ல் 8,773 பேர்!

முதலில் பேசுபவர்

"ஃபர்ஹா பயந்துட்டாருன்னு நிறைய பேர் சொல்வாங்க. என்னைக் கேட்டா, அவர் உட்கார்ந்திருந்த இடமும் ஒரு காரணம்" என்றார் மாமா.

போக்கரில் இதற்கு 'பொசிஷன்' என்று பெயர். யார் முதலில் பேச வேண்டும், யார் கடைசியில் பேசலாம் என்பது ஒவ்வொரு கைக்கும் மாறும். கடைசியில் பேசுபவர், மற்றவர் செய்ததைப் பார்த்துவிட்டுத் தன் முடிவை எடுக்கிறார். முதலில் பேசுபவருக்கு எந்தத் தகவலும் இல்லை. கட்டினால், கூட்டிவிடுவாரோ என்ற பயம். செக் சொன்னால், 'இவரிடம் பெரிதாக இல்லை போல' என்று எதிராளிக்கு ஒரு துப்பு.

யோசித்துப் பாருங்கள். அன்று ஃபர்ஹா கடைசியில் பேசுபவராக இருந்திருந்தால்? மணிமேக்கர் செக் சொல்லியிருந்தால், இவரும் செக் சொல்லிச் சீட்டைத் திருப்பியிருக்கலாம். 9 ஜோடி, 18 லட்சத்தை அள்ளியிருக்கும். மணிமேக்கர் முதலில் பேசி பிளஃப் அடிப்பதென்றால், ஃபர்ஹாவின் தயக்கத்தைப் பார்க்காமலே இருட்டில் அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

இது சீட்டு ஆடாதவர்களுக்கும் பழகிய சங்கதிதான். பழைய பைக்கை விற்கப் போகிறீர்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று வாங்க வந்தவர் கேட்கிறார். நீங்கள் ஒரு தொகையைச் சொன்ன நொடியில் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது. என் முதல் வேலைக்கான நேர்காணலில் "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார்கள். சட்டென்று ஒரு தொகையைச் சொன்னேன். எதிரே இருந்தவர் உடனே சரி என்றார். இரண்டாயிரம் கூட்டிக் கேட்டிருக்கலாமோ என்று இன்றுவரை தூக்கத்தில் புரள்கிறேன்.

டோர்னமென்ட் என்றால் இன்னும் கஷ்டம். இருக்கிற சிப் போனால் எழுந்து போக வேண்டியதுதான். "இந்தக் கை போனா அடுத்த கை" என்ற ஆறுதல் கிடையாது. கட்டாயப் பந்தயமும் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சிப் கரையும்.

என் முறை!

மறுநாள் மாலை, ஸ்ட்ரிப்பில் ஒரு கேசினோ. கட்டணம் 80 டாலர். ஏறத்தாழ 7,000 ரூபாய்! 34 பேர். ஆளுக்கு 10,000 சிப். மாமா வேறு மேசையில் ஆடி ஒரு மணி நேரத்தில் வெளியேறி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் காபியோடு நின்றார். நான் பயத்தில் நல்ல சீட்டு தவிர எதையும் தொடாமல் 14,000 வரை சேர்த்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கை. கட்டாயப் பந்தயத்தில் பெரியது என்னுடையது, 600. தொப்பி போட்ட ஒரு தாத்தா, மேசையில் கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தவர், 1,500 ஆக உயர்த்தினார். மற்றவர்கள் விலகினார்கள். என் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ராஜாவும் 7-ம்.

மணிமேக்கரின் சீட்டு! கிளாவர் ராஜா, டைமண்ட் 7 என்று நிறம் வேறாக இருந்தாலும் எனக்குப் புல்லரித்துவிட்டது. முதல் நாள்தான் அந்தக் கட்டடத்தில் நின்று கதை கேட்டிருக்கிறேன். இது சகுனமாக இல்லாமல் வேறென்ன? மிச்சம் 900-ஐ வைத்து ஈடுகொடுத்தேன்.

வந்தவை டைமண்ட் ராஜா, ஹார்ட் 9, ஹார்ட் 4. எனக்கு ராஜா ஜோடி! செக் சொன்னேன். அவர் 1,500 கட்டினார். ஈடுகொடுத்தேன். நான்காவது கிளாவர் 2. செக். அவர் 3,000. ஈடுகொடுத்தேன். ஐந்தாவது ஹார்ட் ஜாக்கி. நடுவில் மூன்று ஹார்ட்.

மேசையில் 12,300 சிப். என் கையில் 8,000. முதலில் பேச வேண்டியது நான். எனக்குத் தொண்டை வறண்டது. கட்டலாமா? கட்டி, அவரிடம் ஃபிளஷ் இருந்தால்? செக் என்று மேசையைத் தட்டினேன்.

அவர் எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. என் கையில் இருந்தது மணிமேக்கரின் சீட்டு. ஆனால், நான் உட்கார்ந்திருந்தது ஃபர்ஹாவின் நாற்காலியில்!

ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு ஒரு மணி நேரம்போல. 'ஃபிளஷ்ஷா, பிளஃபா?' ராஜா ஜோடி என்றாலும் கூட இருப்பது வெறும் 7. இன்னொரு ராஜா வைத்திருந்தால்கூட அவருடைய துணைச்சீட்டு என்னுடையதைவிடப் பெரிதாக இருக்கலாம். தாத்தாவின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் தன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சீட்டைப் போட்டுவிட்டேன்.

அவர் தன் சீட்டைக் காட்டவில்லை. "குட் ஃபோல்ட்" என்று சிரித்தார். அது உண்மையா, அதுவும் பிளஃபா? தெரியாது. இங்கே கேமராவும் இல்லை, டி.வி-யும் இல்லை. பதினோராவது ஆளாக வெளியே வந்தேன். பரிசு முதல் நான்கு பேருக்குத்தான்.

"கடைசியில கால் பண்ணியிருக்கணுமா மாமா?"

"அதை விடும்மா. அந்த இடத்துல போட்டதும் சரி, போடாட்டியும் சரின்னு நூறு பேர் நூறு சொல்வாங்க. நீ சறுக்கினது கடைசியில இல்ல, முதல்லயே. நீ முதல்ல பேச வேண்டிய இடத்துல, ராஜா ஏழை வெச்சுக்கிட்டு, கதை பிடிச்சிருந்துச்சுன்னு உள்ள வந்தே பாரு, அங்க. அப்பவே போட்டிருந்தா 600-தான் போயிருக்கும். உள்ள வந்தப்புறம் ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிய கேள்வி. ஒவ்வொரு தடவையும் பதில் தெரியாம நீதான் முதல்ல பேசணும்."

அப்பா சொன்ன கதை

அன்று இரவு மனசு கேட்கவில்லை. அப்பாவை அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எவ்வளவு போச்சு?" என்றார்.

"80 டாலர்பா. அதுக்கு மேல எடுத்துட்டே போகலை."

"சரி" என்றார். அதன்பிறகு, இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகத் தாத்தாவின் கதையை முழுசாகச் சொன்னார்.

"தாத்தா நல்லாதான் ஆடுவாரு. மூணு சீட்டு. ஊர்ல அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. எதிர்ல உட்கார்ந்தவர் அரிசி மில்காரர். அவர்கிட்ட பணம் இருந்துச்சு, காத்திருக்க முடிஞ்சுது. தாத்தா கொண்டுபோனது விதைநெல் வாங்க வெச்சிருந்த காசு. அது போனதும் எடுத்தாகணும்னு நிலத்தை வெச்சாரு. அவர் பதறறது எதிர்ல இருக்கறவருக்குத் தெரியும்ல? சீட்டைப் பார்க்கவே வேணாம், இவர் மூஞ்சியைப் பார்த்தா போதும்."

எனக்கு மேசையில் தட்டிய என் கை ஞாபகம் வந்தது. தாத்தாவும் ஃபர்ஹாவின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். விதைநெல் காசோடு கிளம்பிய அன்றே, வீட்டு வாசலிலேயே, அந்த நாற்காலி அவருக்கு விதிக்கப்பட்டுவிட்டது. ஃபர்ஹாவுக்குத் தோற்றாலும் 13 லட்சம் டாலர் கிடைத்தது. தாத்தாவுக்கு அடுத்த போகம் கிடைக்கவில்லை.

செல்போனில் ஆடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். போன காசை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் ஒருவர் மறுபடி உட்கார்ந்தால், எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் முதலில் பேசப்போவது அவர்தான். அதனால் எப்போது எழுந்து வருவது, எவ்வளவோடு எழுந்து வருவது என்ற முடிவை உட்கார்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்தபின் எடுக்க முடியாது.

கிளம்பும் நாளில் ஃப்ரீமான்ட் தெருவில் ஒரு கடையில், கேசினோவில் ஆடி முடித்து நடுவில் துளை போட்ட பழைய சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினேன். நினைவுப்பொருளாக விற்கிறார்கள். சூட்கேஸில் வைத்தேன். சென்னைக்குக் கிளம்புமுன் வெளியே எடுத்து அக்கா வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது. காரணம் இப்போது எனக்கும் தெரியும்.